புதுப்பிப்பு: வண்டல் குளத்தால் கலங்கல் வெளியேறியது தீர்ந்தது

முன்பு கேட்டது: திருகோணமலையில் கருங்கல் குவாரி. மாரி மழை விட்டு இரண்டு நாளாகியும், சேறு அடியில் படிவதற்காக வெட்டிய வண்டல் குளத்தால் சாம்பல் நிறத் தண்ணீர்தான் வாய்க்காலுக்குப் போனது. பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

தடுப்புத் திரை போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. குளம் 24 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். உள்வாயும் வெளிவாயும் ஒரே முனையில் இருந்ததால், வந்த தண்ணீர் மண் படிய முன்னரே குறுக்கால் ஓடிவிட்டது. கம்பம் நட்டு, தார்ப்பாயால் நீளவாக்கில் ஒரு திரை கட்டி, மறுமுனையில் மட்டும் 2 மீற்றர் வழி விட்டோம். இப்போது தண்ணீர் குளத்தைச் சுற்றித்தான் வெளியேற வேண்டும்.

தண்ணீரின் வேகத்தைக் குறைக்க வாய்க்காலில் போட்ட சிறு கல் அணைகளுக்கு நடுப்பகுதி ஓரங்களைவிட 15 சென்ரிமீற்றர் தாழ்வாக இருக்க வேண்டும். முதல் அணையை மட்டமாகக் கட்டியதால் தண்ணீர் பக்கத்தால் புகுந்து கரையை அரித்துவிட்டது.

எதிர்பாராதது, குவாரிக் குழித் தண்ணீரைக் குளத்துக்கு இறைக்கும் பம்ப். உறிஞ்சு குழாய் குழியின் அடியில் கிடந்து சேற்றையே இழுத்திருக்கிறது. வெற்றுப் பரலில் கட்டி மிதக்கவிட்டதும் குளத்துக்கு வரும் சேறு நன்றாகக் குறைந்தது. இதை முதலிலேயே பாருங்கள்.

சேற்றைத் திரட்டிப் படியவைக்கும் படிகாரம் தேவைப்படவில்லை. போடுவதானால் முதலில் போத்தலில் எடுத்த குளத்துத் தண்ணீரில் எவ்வளவு தேவை என்று பார்த்தே போடுங்கள். கூடினால் தண்ணீரில் அமிலத்தன்மை ஏறும். குளத்தில் வண்டல் அரைவாசிக்கு வர முன் அள்ளிவிடுங்கள்.