மறுமொழி: சீனப் பீங்கானின் எட்டுச் சின்னங்களுக்குக் கலைச்சொல்

அன்புள்ள ஐயா,

சீனப் பீங்கானில் வரும் எட்டுப் பௌத்தச் சின்னங்களின் தொகுதிக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகத் தாங்கள் முன்வைத்த 'பௌத்த நற்சின்னங்கள்' காதுக்கு இனிமைதான். ஆனால் ஏற்க மனம் வரவில்லை. சீன அரசவைப் பீங்கான்களில் பௌத்தக் குறிகள் பலவகை; தாமரை தனியாகவும் வரும், சமஸ்கிருத எழுத்துகளும் வரும். சீனர்கள் 'பாஜிஷியாங்' என்று சொல்வது சக்கரம், சங்கு, குடை, விதானம், தாமரை, கலசம், இரட்டை மீன், முடிச்சு என்ற எட்டும் சேர்ந்த தொகுதியை மட்டுமே. ஆகவே எட்டு என்ற எண் சொல்லுக்குள் இருந்தே தீரவேண்டும்.

வெறும் 'அட்டமங்கலம்' போதும் என்கிறார் இன்னொரு நண்பர். நம் மரபில் அச்சொல்லுக்குக் கவரி, நிறைகுடம், கண்ணாடி, தோட்டி (அங்குசம்), முரசு, விளக்கு, பதாகை, இணைக்கயல் என்று வேறு பட்டியல் இருக்கிறது. குடமும் மீனும் பொருந்துகின்றன. கண்ணாடியையும் முரசையும் சீனப் பீங்கான் நகரமான ஜிங்தேஜெனின் தட்டில் தேடும் மாணவர் ஏமாந்துபோவார். 'பௌத்த எண்மங்கலம்' என்று அடைமொழியோடு வைப்போம். இணைக்கயல் என்ற அழகான சொல்லை மட்டும் அந்த மீன்களுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

'எண்மங்கல ஓவியம்' என்பதும் சரிவராது. இவை தட்டில் தீட்டியவை மட்டுமல்ல. சியான்லோங் பேரரசர் காலத்தில் (1736–1795) ஒவ்வொரு சின்னத்தையும் தாமரைப் பீடத்தில் நிற்கும் தனி உருவமாகப் பீங்கானிலேயே செய்து வழிபாட்டு மேடையில் வரிசையாக வைத்தார்கள். திபெத்தியப் பௌத்தம் சீன அரண்மனைக்குள் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் மன்னர்கள் அதைப் போற்றினார்கள். அடுத்து வந்த மிங் மரபின் பேரரசர் யோங்லே, திபெத்தியப் பௌத்தத் தலைவர்களில் ஒருவரான ஐந்தாம் கர்மபாவைத் தம் தலைநகர் நான்ஜிங்குக்கே வரவழைத்தார். கர்மபா 1407இல் வந்துசேர்ந்தார். லாமாக்கள் என்னும் திபெத்தியத் துறவிகளின் தொப்பியைப் போல விளிம்பு உயர்ந்த வெள்ளைக் கெண்டிகள் யோங்லே காலத்துச் சூளைகளில் உருவானவை. எத்தனை நேர்த்தியான கலங்கள் அவை!

முடிச்சுக்கு 'மங்கல முடிச்சு' வேண்டாம். நமக்குத் தாலிதான் நினைவுக்கு வரும். 'முடிவிலி முடிச்சு' என்றால் கணிதம் குறுக்கிடும். அந்தக் கயிற்றுக்குத் தொடக்கமும் இல்லை, கடைசியும் இல்லை என்பதுதானே செய்தி? 'நுனியிலா முடிச்சு' என்பது என் பரிந்துரை.

மெருகுப் பூச்சுக்கு அடியில் கோபால்ட் நீலம் தீட்டுவதை 'மெருகடி நீலம்' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

விதானமா, கொடியா என்பது மட்டும் பாக்கி. திபெத்தியத் தொகுதியில் அந்த இடத்தில் வெற்றிக்கொடி நிற்கிறது. சீனர் அதை விதானமாக்கிக்கொண்டார்கள். நாம் பேசுவது சீனப் பீங்கானைப் பற்றி என்பதால் என் வாக்கு விதானத்துக்கு. தங்கள் கருத்தை எழுதுங்கள்.