தெருநாய்களுக்கு நஞ்சு வைத்தால் ஐம்பது ரூபாய் அபராதம் மட்டும்தானா?

மேலத்தெருவாசி:
வணக்கம். எங்கள் தெருவில் சென்ற வாரம் ஒரே இரவில் மூன்று நாய்கள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. மூன்றுமே நகராட்சியினர் பிடித்துச் சென்று கருத்தடை செய்து, காது நுனியை வெட்டி அடையாளமிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டவை. சாக்கடை ஓரத்தில் கிடந்த புரோட்டாப் பொட்டலத்தில் ஊதா நிறக் குருணை மருந்து (வயலுக்கு இடும் பூச்சிக்கொல்லி) ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது, இது ஐம்பது ரூபாய் அபராத வழக்கு என்றும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விசாரிக்க முடியாது என்றும் சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சட்டம் உண்மையிலேயே இவ்வளவுதானா?

கருப்பு அங்கி:
ஐம்பது ரூபாய் என்பது பொய்யன்று. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனையை உயர்த்தும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்தும் கேட்டது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து கிளைத்த சட்டம், அபராதத் தொகையில் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது வருத்தத்துக்குரியது.

ஆனால் காவல் நிலையத்தில் சொன்ன இரண்டாவது காரணம் உங்கள் வழக்குக்குப் பொருந்தாது. அடிப்பது, பட்டினி போடுவது போன்ற பெரும்பாலான வதைகளுக்குக் காவல் துறை தானாக வழக்குப் பதிய இயலாது என்பது சரிதான். எனினும் 11(1) பிரிவின் (எல்) உட்கூறு, தெருநாய்கள் உட்பட எந்த விலங்கையும் தேவையற்ற கொடூர முறையில் கொல்வதைக் குறிப்பிடுகிறது. அந்த உட்கூறின் கீழ் வரும் குற்றத்துக்கு நேரடியாகவே வழக்குப் பதியலாம் என 31ஆவது பிரிவு சொல்கிறது. அதோடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு, விலங்கைக் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மதிப்பு பத்து ரூபாயா, ஐம்பது ரூபாயா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கு இப்போது இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 325ஆவது பிரிவு 'சொத்துக்குச் சேதம்' என்ற கருத்தின் மேல் எழுப்பப்பட்டது என்பதால், உரிமையாளர் இல்லாத தெருநாய் யாருடைய சொத்து என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். ஆகவே புகாரில் இரண்டு சட்டப் பிரிவுகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
பிரிவுகளைவிட எனக்குக் கவலை தருவது சான்றுதான். உடல்களை என்ன செய்தீர்கள்? பிரேதப் பரிசோதனை இல்லாவிட்டால், நஞ்சால்தான் இறந்தன என்று நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். காவல் துறையின் கோரிக்கைக் கடிதத்தோடு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், இரைப்பையையும் அதில் உள்ளவற்றையும், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளையும் தனித்தனிப் புட்டிகளில் செறிவான உப்புக் கரைசலில் இட்டு, முத்திரை வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஃபார்மலின் ஊற்றிவிட்டால் நஞ்சைக் கண்டுபிடிப்பது சிக்கலாகிவிடும். அந்தப் பொட்டலத்தையும் வெறுங்கையால் தொடாதீர்கள். குருணை மருந்து மனிதருக்கும் கடும் நஞ்சு.

பள்ளிவாசல் தெரு:
நஞ்சு வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயப்படும் பெற்றோருக்கு இந்தச் சட்டங்களில் என்ன இருக்கிறது?

கருப்பு அங்கி:
நியாயமான கேள்வி. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வெறிநோய் கண்ட நாய்களையும் கடிக்கும் சுபாவமுள்ள நாய்களையும் மீண்டும் தெருவில் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும் உத்தரவிட்டது. உங்கள் புகார் போக வேண்டிய இடம் நகராட்சி ஆணையர் அலுவலகம். என் அனுபவத்தில், நஞ்சு வைக்கும் தெருக்களில் பெரும்பாலானவை ஆணையருக்கு ஒரு மனுக்கூட எழுதாதவை.

மேலத்தெருவாசி:
இருவருக்கும் நன்றி. இரண்டு உடல்களைத் துப்புரவுப் பணியாளர்கள் எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஒன்றைக் காலி மனையில் புதைத்திருக்கிறோம். காவல் நிலையத்தில் மீண்டும் மறுத்தால் என்ன செய்வது?

கருப்பு அங்கி:
புதைத்த இடத்தைக் குறிப்பிட்டு, தோண்டி எடுத்துப் பரிசோதிக்கும்படி புகாரிலேயே கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழான வழக்கைக் குற்றம் நடந்த மூன்று மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும் என்று 36ஆவது பிரிவு கூறுவதால், சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.