வடாற்காடு வீட்டார் குழு: 38 சதவீதத்தில் அணையும் கணினி

[சனி, இரவு 9:41] நான், காட்பாடி:
பெரியப்பா, அண்ணா, ஒரு சங்கடம். போன மாதம் என் கணினியிலிருந்த பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கிய ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டைப் போட்டேன். எடிட் செய்யும்போது ஒரு தொல்லையும் இல்லை. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தால் மட்டும், 38 சதவீதமோ 50 சதவீதமோ வந்ததும் விளக்கை அணைத்ததுபோல மொத்தமும் அணைந்துவிடுகிறது. கடையில் காட்டினால், மதர்போர்டு போய்விட்டது, புரோசஸரோடு சேர்த்து மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். திங்கட்கிழமை முகூர்த்த வீட்டாருக்கு வீடியோவைக் கொடுத்தாக வேண்டும்.

[இரவு 9:44] மாமா, குடியாத்தம்:
மாப்பிள்ளை, இது வைரஸ்தான். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் சரியானது.

[இரவு 9:52] அண்ணன், சத்துவாச்சாரி:
மாமா, மென்பொருள் கெட்டால் நீலத் திரை வரும், உறைந்து நிற்கும், அல்லது தானாக மறுபடி தொடங்கும். மின்விசிறி உட்பட எல்லாம் ஒரே நொடியில் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத்தான், அதற்கடுத்து சூடு. தம்பி, மூன்று கேள்விகளுக்கு முழு வாக்கியமாகப் பதில் எழுது, அரைகுறையாக எழுதினால் பெரியப்பா வாயே திறக்க மாட்டார். அணைவதற்குச் சற்று முன் புரோசஸரின் வெப்பம் எவ்வளவு இருந்தது? அணைந்த பிறகு பொத்தானை அழுத்தினால் உடனே எழுந்திருக்கிறதா? விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் என்ன பதிவாகியிருக்கிறது?

[இரவு 10:05] நான், காட்பாடி:
புரோசஸர் 71 டிகிரி, கார்டு 68 டிகிரி, வெப்பத்தைக் காட்டும் ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ மென்பொருளில் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்கு மேல் போகவில்லை. அணைந்த பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் உயிர் வருவதில்லை. சுவரில் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால்தான் எழுந்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் அதுவே எஸ்.எம்.பி.எஸ். பழுது என்பதற்குச் சான்று என்கிறார்கள்.

[இரவு 10:13] அண்ணன், சத்துவாச்சாரி:
அது சான்று ஆகாது. முறையாக மூடப்படாமல் கணினி நின்றுபோயிருக்கிறது என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு மட்டுமே அது. நீயே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 தான் பதிவாகும். நீ சொன்னதில் எனக்குப் பெரிதாகப் படுவது, சுவர் சுவிட்சை அணைத்துப் போட வேண்டியிருக்கிறது என்பது. எஸ்.எம்.பி.எஸ்.-க்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, இழுக்கப்படும் மின்னோட்டம் எல்லை மீறினால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மெயின் மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே தேங்கியிருப்பது வடிந்த பிறகுதான் பூட்டு திறக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துப் போடு.

[இரவு 10:20] நான், காட்பாடி:
[படம்]
பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. ஆறு வருடப் பழசு.

[இரவு 10:34] பெரியப்பா, ராணிப்பேட்டை:
அந்த 450-ஐ மறந்துவிடு. அது பெட்டிக்குப் போட்ட பூமாலை. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பார், 18 ஆம்பியர் என்று இருக்கிறது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். இன்றைய புரோசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் இந்த 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டப்பட்ட கணக்கு, உன் வேலைக்கு உதவாது. 3060 கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும். புரோசஸர் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் எக்ஸ்போர்ட் சமயத்தில் அதையும் தாண்டும். 235-ஐ 216 எப்படித் தாங்கும்? அந்தக் கார்டைச் செய்த கம்பெனியே மொத்தத்தில் 550 வாட் சப்ளை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இன்னொன்று, உன் பழைய பெட்டியில் எட்டு முனை பிளக் இருந்திருக்காதே, கார்டுக்கு எப்படி மின்சாரம் கொடுத்தாய்?

[இரவு 10:39] நான், காட்பாடி:
மோலெக்ஸ் எனப்படும் நான்கு முனை பிளக்குகள் இரண்டைச் சேர்த்து எட்டு முனையாக்கும் ஒரு கன்வெர்ட்டர் வயரை 150 ரூபாய்க்கு வாங்கிப் போட்டிருக்கிறேன். இப்போது தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருக்கிறது. வெள்ளைப் பிளக்கில் மஞ்சள் வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, தோசையின் ஓரம்போல ஆகியிருக்கிறது.

[இரவு 10:41] பெரியப்பா, ராணிப்பேட்டை:
இன்று இரவு எக்ஸ்போர்ட் கொடுக்காதே. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தூங்கு.

[இரவு 10:48] சித்தி, ஆரணி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் சேலை பார்டர் டிசைன் போடும் கணினியும் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏறும்போது அணைந்து மறுபடி தொடங்குகிறது. அதற்கும் எஸ்.எம்.பி.எஸ்.-தான் காரணமா?

[இரவு 11:02] பெரியப்பா, ராணிப்பேட்டை:
அம்மா, நல்ல கேள்வி. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி போன்றது. சுவரிலிருந்து மின்சாரம் நின்றாலும் ஏறக்குறைய 16 மில்லி விநாடி வரை அது சமாளித்துக் கொடுக்க வேண்டும் என்பது முறை. இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும்; அது சாதாரண நிலையில் இருந்தால் மாறுவதற்கு இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-கூட அணைந்துதான் போகும். முதலில் அந்தச் சுவிட்சை மாற்றிப் பார். அதே இன்வெர்ட்டர், அதே சுவிட்ச், முன்பெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த கணினி இப்போது மட்டும் தாங்கவில்லை என்றால், தொட்டி வற்றிவிட்டது என்று அர்த்தம்.

[இரவு 11:06] நான், காட்பாடி:
பெரியப்பா, நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் தை மாதத்திலிருந்து இன்வெர்ட்டர் ஏறும்போதெல்லாம் கணினி அணைந்துகொண்டிருக்கிறது, அதற்கு முன் அப்படி ஆனதே இல்லை. புதுக் கார்டு போட்டது பங்குனியில்தான். காலையில் முதல் தடவை போடும்போது பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருப்பதும் தையிலிருந்துதான். பொத்தான் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

[இரவு 11:10] அண்ணன், சத்துவாச்சாரி:
இதை நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் பெட்டி சிறியது என்பது பாதிக் கதைதான். கார்டு வருவதற்கு முன்பே அது நோயாளி.

[ஞாயிறு, காலை 6:15] பெரியப்பா, ராணிப்பேட்டை:
நான் மல்டிமீட்டரோடு புறப்பட்டுவிட்டேன், எட்டு மணிக்குள் காட்பாடி வந்துவிடுவேன். பழைய கார்டை எடுத்து வை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதே. 230 வோல்ட்டை நேராக்கும்போது அந்தக் கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

[காலை 6:40] மாமா, குடியாத்தம்:
[வீடியோ]
இவ்வளவு சிரமம் எதற்கு? பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் போதும். விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று இதில் தெளிவாகக் காட்டுகிறார்கள்.

[காலை 6:58] அண்ணன், சத்துவாச்சாரி:
மாமா, விசிறி சுற்றவே இல்லையென்றால் பெட்டி செத்துவிட்டது என்பதற்கு அந்தச் சோதனை போதும். சுற்றினால் அது உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும், சுமை தூக்குமா என்பது தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து கையை ஆட்டுபவர் நெல் மூட்டை தூக்குவார் என்று சொல்ல முடியாதல்லவா?

[முற்பகல் 11:26] நான், காட்பாடி:
பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முதலில் சுவர் பிளக்கில் அளந்தோம், 226 வோல்ட். எனவே கரண்டைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்து எதற்கும் மாட்டாமல் தனி வயரில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மோலெக்ஸ் பிளக்கில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் முனைகளை வைத்தார். கன்வெர்ட்டர் வழியாகப் போகும் வயரில் அளந்தால் வயரின் குறையும் சேர்ந்துகொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. சும்மா இருக்கும்போது 12.02 வோல்ட். கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓட்டியதும் 11.70, பிறகு 11.52, இரண்டாவது நிமிடத்தில் 11.31, உடனே அணைந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 5 சதவீதம், அதாவது 11.40-க்குக் கீழே போகக் கூடாது என்கிறார்.

[முற்பகல் 11:31] அண்ணன், சத்துவாச்சாரி:
இது போதாமையைக் காட்டுகிறது, பழுதைக் காட்டவில்லை. 216 வாட் பெட்டியில் 235 வாட் ஏற்றினால் புதுப் பெட்டியிலும் வோல்ட் இப்படித்தான் இறங்கும். பழைய கார்டைப் போட்டுப் பாருங்கள்.

[நண்பகல் 12:17] நான், காட்பாடி:
போட்டோம். பழையது ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 75 வாட். தனி பிளக்கே வேண்டாம், மதர்போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். புரோசஸரோடு சேர்த்தாலும் 140 வாட்டுக்குப் பக்கம்தான் வரும். இதே கார்டு இதே பெட்டியில் ஐந்து வருடம் விடிய விடிய எக்ஸ்போர்ட் செய்திருக்கிறது. இன்று கார்டுக்கும் புரோசஸருக்கும் சேர்த்துச் சுமை கொடுத்ததும் 11.36-க்கு இறங்கிவிட்டது. அணையவில்லை, ஆனால் பெட்டியிலிருந்து சுவர்க்கோழி கத்துவதுபோல ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருந்தது.

[நண்பகல் 12:29] பெரியப்பா, ராணிப்பேட்டை:
மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே குழுவிலும் எழுதுகிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். முன்பு சுலபமாகத் தூக்கிய சுமையை இப்போது தூக்க முடியவில்லை என்பதால் இது பழுது. புதுக் கார்டு அந்தப் பழுதை ஒரு மாதம் முன்னதாக வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். இவன் கணினி மொட்டை மாடித் தகர அறையில் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காய்ந்துகொண்டே வரும்; 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு. விசிறித் துவாரத்தில் விரல் தடிமனுக்குத் தூசி வேறு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த மீட்டர் மெதுவானது. கண் இமைப்பதற்குள் வந்து போகும் இறக்கத்தையும், 12 வோல்ட்டின் மேல் படர்ந்திருக்கும் சிற்றலையையும் அதனால் பார்க்க முடியாது. எண் தவறாக வந்தால் பெட்டி கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். எண் சரியாக வந்தால் பெட்டி நல்லது என்று சொல்லிவிட முடியாது. அந்த நிலைமையில், நன்றாக ஓடும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மாட்டிப் பார்ப்பதுதான் வழி. மதர்போர்டின் மேல் பழி இருப்பதால் அதையும் செய்தாக வேண்டும்.

[நண்பகல் 12:36] அண்ணன், சத்துவாச்சாரி:
என் கணினியில் இருக்கும் 650 வாட் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வருகிறேன். அது வயர்களைத் தனித்தனியாகப் பிடுங்கும் வகை. அதனால் அதன் வயர்களையும் சேர்த்தே கொண்டுவருவேன். ஒரு பெட்டியின் வயரை இன்னொரு பெட்டியில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வரிசை மாறியிருக்கலாம், ஹார்டு டிஸ்க் ஒரே நொடியில் கருகிவிடும். வாடிக்கையாளர் ஒருவர் அப்படி மூன்று வருடப் போட்டோக்களை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

[மாலை 4:48] நான், காட்பாடி:
அண்ணனின் பெட்டி, என் மதர்போர்டு, என் புரோசஸர், புது 3060 கார்டு, இன்வெர்ட்டரும் யு.பி.எஸ். மோடில். ஃபர்மார்க்கில் 20 நிமிடம், 12 வோல்ட் வயரில் 11.94-க்குக் கீழே இறங்கவில்லை. வேண்டுமென்றே மெயினை அணைத்து இன்வெர்ட்டரை ஏறவைத்தோம், கணினி அசையவில்லை. அதன்பின் எக்ஸ்போர்ட் கொடுத்தேன். 38 தாண்டியது, 50 தாண்டியது, அம்மா காபியோடு வந்து நின்றபோது 83. மொத்தமும் முடிந்துவிட்டது. 14,000 ரூபாய் மிச்சம்.

[மாலை 4:55] சித்தி, ஆரணி:
என் இன்வெர்ட்டரில் அந்தச் சுவிட்ச் சாதாரண நிலையில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன், இரண்டு முறை மின்சாரம் போய்ப் பார்த்தாயிற்று, டிசைன் அப்படியே இருக்கிறது. புதிது வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

[மாலை 5:10] அண்ணன், சத்துவாச்சாரி:
சித்தி, சீட்டில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல 550 வாட் பெட்டியில் அது 45 ஆம்பியருக்கு அருகில் இருக்கும். 80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்வது. வாட் உண்மையா பொய்யா என்பதற்கு அது நேரடி உத்தரவாதம் அல்ல. தம்பிக்கு 550 போதும், ஆனால் இப்போதைய கார்டுகள் ஒரு கணம் திடீரென்று இரட்டிப்பாக இழுப்பதுண்டு என்பதால் 650 வாங்கச் சொல்லியிருக்கிறேன். எட்டு முனை பிளக் பெட்டியிலிருந்தே வர வேண்டும். கன்வெர்ட்டர் வயரைக் குப்பையில் போட்டாயிற்று.

[மாலை 5:22] மாமா, குடியாத்தம்:
கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ். வீணாகத்தானே கிடக்கிறது? 12 வோல்ட் வருகிறதே, என் கடையின் சீரியல் விளக்குக்கு வைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை, அடுத்த வாரம் வரும்போது எடுத்து வா.

[மாலை 5:31] நான், காட்பாடி:
மாமா, பெரியப்பா அதன் மூன்று முனை பிளக்கை நறுக்கி எடுத்துவிட்டு, நான்கு பக்கமும் மார்க்கரால் ‘பழுது’ என்று எழுதி, ராணிப்பேட்டைக்குத் தன்னோடு எடுத்துப் போய்விட்டார்.