மோல்டு வெட்டிய பிறகு மெட்டீரியல் மாறிவிட்டது. யாரை எப்போது கூப்பிட்டிருக்க வேண்டும்?

கேள்வி – கோடும்_வளைவும்

வணக்கம். கையில் பிடித்து அளவெடுக்கும் சிறு கருவி ஒன்றுக்கு பேட்டரி மூடி வரைந்தேன். மெட்டீரியல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். மோல்டு, அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றி வார்க்கும் இரும்பு அச்சு, வெட்டி முடிந்ததும், செலவு குறையும் என்று எங்கள் கொள்முதல் பிரிவு மெட்டீரியலை பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. 120 மி.மீ. மூடி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாக வந்து நிற்கிறது. "ஆர்டரில் இருந்ததைத்தானே ஊற்றினேன்" என்கிறார் சப்ளையர். அவர் மேல் தப்பில்லை. இதற்கிடையில் விற்பனைப் பிரிவு வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. அடுத்த முறையாவது யாரை எந்தக் கட்டத்தில் உட்கார வைக்க வேண்டும்?

பதில் – பட்டறைக்காரன்

தம்பி, முதலில் கணக்கு. ஏபிஎஸ் ஆறும்போது ஏறக்குறைய 0.5 சதவீதம் சுருங்கும், பாலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 1.5 சதவீதம். 120 மி.மீ.க்கு முன்னது 0.6, பின்னது 1.8. உங்களுக்குக் குறைவது அந்த 1.2தான். மோல்டு ஏபிஎஸ்ஸுக்குச் சரியாகவே வெட்டப்பட்டிருக்கிறது. பழைய மெட்டீரியலுக்கே திரும்புங்கள். மோல்டைத் திருத்தப் போனால் வெளிப்புறத்தை வெட்டிப் பெரிதாக்கலாம், ஆனால் உள்பக்கக் கொக்கிகள் இடம் மாற வெல்டிங் வைத்துத் திரும்பக் குடைய வேண்டும். இரும்பை எடுப்பது சுலபம், வைப்பது பெரும்பாடு.

இனி உங்கள் கேள்வி. நான் இருபது வருடம் மோல்டு வெட்டும் டூல்ரூமில் நின்றவன், இப்போது வடிவமைப்புப் பக்கம் இருக்கிறேன். டிராயிங் பாதியில் இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு மோல்டு செய்பவரிடம் போய்விடுவேன். முடித்த டிராயிங்கைக் காட்டினால் மரியாதைக்கு "செய்துவிடலாம் சார்" என்பார். பென்சில் கோட்டைக் காட்டினால்தான் வாயைத் திறப்பார். ஒருமுறை நான் சுவர் 2 மி.மீ., உள்ளே அதைத் தாங்கும் ரிப்பும் (விலா மாதிரியான மேடு) 2 மி.மீ. வைத்திருந்தேன். டூல்ரூம் பெரியவர் என் பேனாவை வாங்கி ரிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, "இந்த இடத்தில் மேல்பக்கம் குழி விழும், 1.2க்கு மேல் போகாதே" என்றார். பத்து நிமிடப் பேச்சு. அந்த வட்டம் போட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பதில் – கொள்முதல்_மேசை

எங்கள் தரப்பையும் கேளுங்கள். டிராயிங்கில் "ஏபிஎஸ்" என்று மட்டும் இருந்தால், அது ஏன் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? விலை குறைக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும்போது கைக்கு முதலில் கிடைப்பது அந்த வரிதான். "மோல்டு இந்தச் சுருக்கத்துக்கு வெட்டப்பட்டது, மாற்றினால் மூடி பொருந்தாது" என்று டிராயிங்கிலேயே எழுதுங்கள். சத்தியமாகத் தொட மாட்டோம்.

பதில் – களத்தில்_ஒருவர்

வாடிக்கையாளரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவரிடம் கேட்பதோடு நிற்காதீர்கள், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் கருவிக்கு "மூடி நன்றாக இருக்கிறது" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நேரில் போனால், கையுறை போட்ட விரல் பள்ளத்தில் இறங்காமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கிறார்கள். ஓரமெல்லாம் கீறல்.

போயிங் 777ஐ வடிவமைக்கும்போது எட்டு விமான நிறுவனங்களைக் கூடவே உட்கார வைத்தார்கள். அப்படியிருந்தும், நிறுத்துமிடத்தில் இடம் பற்றாது என்ற கவலைக்காகக் கொடுத்த மடக்கும் இறக்கை நுனியை அப்போது ஒரு நிறுவனமும் வாங்கவில்லை. கூட்டத்தில் வேண்டும் என்பது வேறு, காசு கொடுத்து வாங்குவது வேறு.

பதில் – பட்டறைக்காரன்

கொள்முதல்காரர் சொல்வது நியாயம். கூடவே ஒன்று: மெட்டீரியல், அளவு, தேதி எது மாறினாலும் ஒரே ஒருவர் கையெழுத்து இல்லாமல் மாறக்கூடாது. பொது மின்னஞ்சலில் நாற்பது பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கேட்டவர் – கோடும்_வளைவும்

அண்ணா, இன்று காலை சப்ளையரிடம் நேரில் போனேன். கொள்முதல் பிரிவு நண்பரையும் கூட்டிப்போனேன், அவர் மோல்டைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஏபிஎஸ்ஸில் ஐந்து மூடி அடித்துப் பார்த்தோம். ஐந்தும் 'டக்'கென்று உட்கார்ந்தன. தேதி ஒரு வாரம் தள்ளும் என்று வாடிக்கையாளரிடம் நானே பேசிவிட்டேன். வியாழக்கிழமை அவர் இடத்துக்குக் கையுறையோடு போகிறேன்.