பொருள்: சார்மத் கடற்கரைக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

இலண்டனிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். அடுத்த மாதம் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி, டோர்செட் கரையிலுள்ள சார்மத் ஊருக்குக் கூட்டிப் போகிறோம். கடல் வற்றத் தொடங்கும் நேரம் பார்த்து வழிகாட்டி ஒருவர் கரையோரமாக நடத்திச் செல்வார். கூழாங்கற்களுக்கு நடுவே நத்தை ஓடுபோலச் சுருண்ட அம்மோனைட், கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்று ஏறத்தாழ 19 கோடி ஆண்டுக்கு முந்திய உயிர்கள் கல்லாகிக் கிடக்கும். கண்ணில் பட்டதை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஃபாசிலுக்கு நான் யாழ்ப்பாணத்தில் படித்த சொல் ‘உயிர்ச்சுவடு’. அதை எழுதிக் காட்டியபோது தமிழ்நாட்டுத் தகப்பன் ஒருவர், “நாடிச் சுவடி பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறோம்?” என்று கேட்டார். அவர் தந்த சொல் ‘புதைபடிவம்’. அதைப் பார்த்த எங்கள் ஊர்த் தாய் ஒருவர், “படிவத்தை எப்போது நிரப்பித் தர வேண்டும்?” என்றார். இருவரும் பகிடிக்குச் சொல்லவில்லை.

எனக்கு மூன்று சொல் தேவை. அந்தக் கல்லுக்கு ஒன்று, வழிகாட்டியோடு போய்த் தேடி எடுக்கும் அந்த நடைக்கு ஒன்று, பெரியவரும் சிறியவரும் சேர்ந்து வரலாம் என்பதற்கு ஒன்று. அச்சகத்துக்கு வியாழன் காலை கொடுக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் காலை

அன்புத் தங்கைக்கு. ‘புதைபடிவம்’ என்பதைக் கேலி செய்கிறவர்களுக்கு அது வினைத்தொகை என்பது தெரியவில்லை. புதைந்த படிவம், புதைகின்ற படிவம், புதையும் படிவம் என மூன்றும் அதற்குள் அடங்கும். வினைத்தொகையைக் ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்பார் நன்னூலார். 19 கோடி ஆண்டுக் காலத்தைத் தன்னுள் கரந்து வைத்திருக்கும் ஒரு பொருளுக்குக் காலம் கரந்த தொகையைவிடப் பொருத்தமாக வேறு எது அமையும்?

ஆயினும் அதைவிடச் செப்பமான சொல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஃபாசில் என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்குத் தோண்டி எடுக்கப்பட்டது என்றே பொருள். தமிழில் அகழ். ஆகவே ‘அகழுரு’. ‘சேகரிப்பு’ என்று தப்பித் தவறியும் எழுதிவிடாதீர்கள், அது வடசொல். ‘தொகுப்பு’ என்க. வழிகாட்டி அழைத்துச் செல்லும் பயணத்துக்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். பாணனையும் கூத்தனையும் வழிப்படுத்திய மரபு நம்முடையது. ‘அகழுரு ஆற்றுப்படை’ என்று தலைப்பிடுங்கள். வயதைச் சொல்வதற்கு உலா இலக்கியம் பெண்களுக்கு வகுத்த ஏழு பருவம் இருக்கிறது.

அரியலூரிலிருந்து, செவ்வாய் பிற்பகல்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் நிலவியல்காரன், இலக்கணத்தில் அரைகுறை. இருந்தாலும் ஆற்றுப்படையில் ஒன்று இடிக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பிய பாணன் எதிரே வருகிற பாணனுக்கு இன்ன வழியே போ, இன்னாரைப் பார் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறான். கூடவே வருவதில்லை. சார்மத்தில் அப்படி ஒரு வழிகாட்டி இருந்தால் கடல் ஏறும் நேரத்தில் பிள்ளைகள் பாறைக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்கள்.

உலாவின் ஏழு பருவத்தில் பேரிளம்பெண்ணோடு கணக்கு நாற்பதில் முடிந்துவிடுகிறது. ஆண்களுக்கு இடமே இல்லை. நான் எந்தப் பருவத்தில் டிக்கெட் எடுப்பது?

அகழ்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலத்தீன்காரன் தோண்டினான் என்பதற்காக நாமும் தோண்ட வேண்டியதில்லை. எங்கள் பக்கம் காரை என்ற ஊரில் வெயிலும் மழையும் அறுத்துப் போட்ட செம்மண் ஓடைகளில் பெலம்னைட், துப்பாக்கித் தோட்டாவைப் போல, மேலேயே கிடக்கும். கல்லங்குறிச்சியில் சிப்பிப் படுகை ஆள் உயரத்துக்கு நிற்கும். குனிந்தால் போதும்.

ஆனால் குனியலாமே தவிர எடுக்கக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்மரத்திலிருந்து ஒரு சில்லுகூட எடுக்க முடியாது. சாத்தனூரில் படுத்திருக்கும் மரம் 18 மீட்டர் நீளம். 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. ஆளுக்கு ஒரு துண்டு என்று ஆரம்பித்தால் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே துண்டறிக்கையில் ‘சேகரிப்பு’ என்றாலும் ‘தொகுப்பு’ என்றாலும் எனக்குப் பயம்தான். படித்த பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சுத்தியலோடு வரும்.

கடைசியாக ஒன்று. இதோ நானே எழுதிவிட்டேன் பாருங்கள், கல்மரம். இந்தச் சொல்லை எந்தக் குழுவும் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. அதே போக்கில் கல்நத்தை, கல்சிப்பி, கல்மீன், எல்லாவற்றுக்கும் பொதுவாகக் ‘கல்லுயிர்’ என்றால் என்ன?

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் மாலை

தம்பி, கன்மரம். லகரம் மகரத்தின் முன் னகரமாகும். கன்மீன்.

அரியலூரிலிருந்து, ஐந்து நிமிடம் கழித்து

ஐயா, ஊர்ப் பலகையில் கல்மரப் பூங்கா என்றுதான் இருக்கிறது. ‘கன்மரம் எங்கே?’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் என்னைக் கண் மருத்துவமனையில் இறக்கிவிடுவார்.

சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் சாப்பிடுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். படிக்கிறவர் யார்? சனிக்கிழமை காலை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, காரில் உட்கார்ந்தபடி துண்டறிக்கையைப் புரட்டும் ஒரு தகப்பன். அவருக்கு அகழுரு, கல்லுயிர் எல்லாம் புதிர். ‘ஃபாசில்’ என்று தமிழெழுத்தில் போட்டு, அடியில் ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பயணத்துக்கு ‘நடை’ போதும். மரபு நடை என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கும் சமணப் படுக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும் அது புரிகிறது. அதில் வழிகாட்டி ஒருவர் உண்டு என்பது சொல்லாமலே வந்துவிடும்.

‘தொல்லுயிர் எச்சம்’ என்று யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லி வைக்கிறேன். நான் ஒருமுறை அதைச் சிறுவர் நூலில் போட்டேன். வாசித்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு எச்சம் என்றால் காக்கை போடுவது.

தஞ்சாவூரிலிருந்து, புதன் விடியற்காலை

சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும்’ என்ற குறளை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?

அரியலூரிலிருந்து, புதன் காலை

சிரித்த பிள்ளைகள் பக்கமும் நியாயம் உண்டு. சார்மத்தை அடுத்த லைம் ரீஜிஸில் மேரி ஆனிங் வாழ்ந்தார். 1810இல் தகப்பன் இறந்தபின் இந்தக் கல்லைப் பொறுக்கி விற்றுத்தான் குடும்பம் பிழைத்தது. இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை அண்ணனும் தங்கையுமாகக் கண்டெடுத்தபோது மேரிக்கு வயது பன்னிரண்டு அளவில்தான். அந்தக் கரையில் கிடைத்த ஒருவகை உருண்டைக் கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே மீன் முள் இருப்பதை அவர் கவனித்தார். அது இக்தியோசார் போட்டது! நிலவியலாளர் பக்லண்ட் 1829இல் அதற்குக் காப்ரோலைட் என்று பெயர் வைத்தார். தொல்லுயிர் எச்சம் என்ற சொல்லை ஏற்றால், இதை எச்சத்தின் எச்சம் என்றுதான் எழுத வேண்டிவரும்.

உயிர்ச்சுவடு அழகான சொல்தான். ஆனால் எங்கள் தொழிலில் ‘சுவடு’ வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. கால்தடம், புழு ஊர்ந்த வளை போன்று உடல் போய் அடையாளம் மட்டும் நிற்பவை தனி வகை. அவற்றுக்குச் சுவட்டை விட்டால் வேறு சொல் இல்லை. ஓட்டோடு கல்லாகிக் கிடக்கும் நத்தையைச் சுவடு என்றால், ஆளையே காலடி என்று கூப்பிடுவது போலாகும்.

தொறொன்ரோவிலிருந்து, புதன் காலை

தம்பி சொல்வது சுரங்கத்துக்குச் சரி, பள்ளிக்கூடத்துக்குச் சரியில்லை. இலங்கையில் நாங்கள் எல்லோரும் உயிர்ச்சுவடு என்று படித்துத்தான் சோதனை எழுதினோம். நிலக்கரியும் பெற்றோலும் உயிர்ச்சுவட்டு எரிபொருள். ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை. புதைபடிவ எரிபொருள் என்று தமிழ்நாட்டுப் பத்திரிகையில் வாசிக்கும்போது எங்களுக்கும் விளங்குகிறது. பிறகு எதற்கு மூன்றாவதாக ஒன்று? ஒரு பொருளுக்கு இரண்டு கரையிலும் இரண்டு சொல் இருப்பதே அதிகம். கல்லுயிர், அகழுரு என்று மேலும் இரண்டைக் கொண்டுவந்து இறக்க வேண்டாம். ஜியாலஜிக்கு நாங்கள் புவிச்சரிதவியல் என்கிறோம், நீங்கள் நிலவியல் என்கிறீர்கள். அந்தச் சண்டையே இன்னும் முடியவில்லை.

இலண்டனிலிருந்து, புதன் மதியம்

அண்ணாமாருக்கும் ஐயாவுக்கும் நன்றி. முன்கூட்டிப் பார்த்துவர ஞாயிறு நான் மட்டும் போயிருந்தேன். சொல் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அங்கே கண்டதை எழுதுகிறேன்.

நடை தொடங்குமுன் வழிகாட்டி கால் மணி நேரம் பேசினார். பாறைச் சுவரின் அடியில் நிற்காதே, சேற்றுச் சரிவில் ஏறாதே, சுவரில் சுத்தியல் போடாதே. 1833இல் அப்படி ஒரு சரிவில்தான் மேரி ஆனிங்கின் நாய் செத்தது, அவர் மயிரிழையில் தப்பினார் என்றும் சொன்னார். எடுக்கக்கூடியது கடல் ஏற்கெனவே கழற்றிப் போட்டதை மட்டும். எடுக்காவிட்டால் அடுத்த புயலில் அலை அதை அரைத்து மணலாக்கிவிடும் என்பதால்தான் அனுமதி. அரிய மாதிரி கிடைத்தால் ஊரிலுள்ள கரையோர மையத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள்.

ஆகவே அரியலூர் அண்ணாவின் பயத்தைத் துண்டறிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கிறேன்: இங்கே எடுக்கலாம், எல்லா இடத்திலும் எடுக்கக் கூடாது.

நான் அரை மணி நேரம் நின்றபடி தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி குந்தியிருந்து, ஈர மணலில் ஒரு முழ அகலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் மூன்று அம்மோனைட். விரல் நகத்தளவு, பித்தளைபோல மின்னியது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் ஓட்டின் இடத்தைப் பிடித்ததாம், நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தாவிட்டால் வீட்டில் பொடிந்துபோகுமாம். அவள் செய்தது அகழ்வும் இல்லை, தொகுப்பும் இல்லை. பொறுக்கினாள். ‘பொறுக்கும் நடை’ என்று அச்சில் போட முடியுமா? பயமாக இருக்கிறது.

அரியலூரிலிருந்து, புதன் மதியம்

போடுங்கள் அம்மா. அறுப்புக்குப் பின் வயலில் கதிர் பொறுக்குவதில்லையா? கடல் அறுக்கிறது, நாம் பொறுக்குகிறோம். இதைவிடச் சரியான வினை கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து, புதன் மதியம்

போடாதீர்கள். பொறுக்கி என்ற சொல் சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் அடுத்த ஆண்டுவரை ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் இரவு

குந்தியிருந்த சிறுமியைப் பற்றிப் படித்ததும் அகழுருவை விட்டுவிட்டேன். அவள் செய்ததற்குச் சங்கத்தில் பெயர் உண்டு. வண்டல் அயர்தல். கடற்கரை மணலில் சிறுமியர் பாவை செய்து விளையாடுவது. ஐங்குறுநூற்றில் ஒருத்தி, தன் வண்டற்பாவையைக் கடல் வௌவிக்கொண்டதும் சினந்து, மணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். இன்று வண்டல் என்றால் நீர் கொண்டுவந்து படியவைத்த மண். அந்தப் படிவுக்குள்தான் தங்கையின் நத்தைகள் கிடந்தன. விளையாட்டும் ஒரே சொல், படிவும் ஒரே சொல். ‘வண்டல் அயர் நடை’ என்று வைத்தால் பெரியவர் சிறியவர் என்று தனியே சொல்லவும் வேண்டாம். அயர்கிறவர் எல்லோரும் சிறார்தாம்.

இன்னொன்று. அம்மோனைட் என்று அப்படியே எழுதுகிறீர்கள். அது எகிப்தியரின் அமோன் கடவுளுக்கிருந்த ஆட்டுக்கொம்பால் வந்த பெயர். நாமோ கண்டகி ஆற்றில் கிடைக்கும் அதே கல்லைச் சாளக்கிராமம் என்று பூசையில் வைத்திருக்கிறோம். அதன் சுழிதான் திருமாலின் ஆழி. ஆழி என்றால் கடலும் ஆகும். ‘ஆழிக்கல்’.

தொறொன்ரோவிலிருந்து, புதன் இரவு

ஆழிக்கல்! ஐயா, மூன்று நாளில் நீங்கள் தந்த ஒரே நல்ல சொல் இதுதான். கேட்காத கேள்விக்கு வந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

அரியலூரிலிருந்து, புதன் இரவு

காரையில் இனி நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன். கல்லுயிரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இலண்டனிலிருந்து, வியாழன் மாலை

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பு: ‘உயிர்ச்சுவடு தேடல் நடை’. அடியில் சின்ன எழுத்தில் ‘புதைபடிவம், ஃபாசில்’ இரண்டும். வயதுக்குப் ‘பிள்ளைகளும் பெரியவர்களும் வரலாம்’ என்று மட்டும் போட்டேன். பிள்ளைகள் எடுத்ததை இட்டுவைக்கும் பைகளில் ஒட்டும் சீட்டில் ‘என் ஆழிக்கல்’ என்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நூறு பிரதி வந்துவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் இரவு

சுவடு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமையில் டகரம் இரட்டிக்கும். உயிர்ச்சுவட்டுத் தேடல். தொறொன்ரோக்காரர் எரிபொருளில் சரியாகத்தான் எழுதியிருந்தார், அதைப் பார்த்தாவது எழுதியிருக்கலாம். நூறு பிரதியையும் திரும்பப் பெற முடியுமா?

மற்றபடி, வண்டல் அயர்தலே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.