ஃபுளூரசென்ஸ்: ஒளிர்தலா, உடனொளிர்வா?

அன்புள்ள நண்பர்களே,

ஃபுளூரசென்ஸ், அதாவது ஒளி படும்போது ஒரு பொருள் அதை உள்வாங்கித் தானும் ஒளிவிடுவது. இதற்குத் தமிழில் பாடநூலில் உள்ள 'ஒளிர்தல்' போதாதா என்று நேற்று ஒரு மடலில் கேட்டிருந்தார்கள். எனக்குப் போதவில்லை. விளக்கு ஒளிர்கிறது, மின்மினி ஒளிர்கிறது, பழுக்கக் காய்ச்சிய இரும்பும் ஒளிர்கிறது. இத்தனைக்கும் பொதுவான வினையை ஒரே நிகழ்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், சூட்டினால் அல்லாமல் ஒளிவிடுவதையெல்லாம் குறிக்கும் லூமினசென்ஸ் என்னும் பெருவகைக்கு எதை வைப்பது? 'ஒளிர்வு' அதற்கு வேண்டும்.

'பாயொளி' என்று இன்னொருவர் சொன்னதற்கு வருகிறேன். லத்தீன் மூலத்துக்குப் பாய்தல் என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் பாய்ந்தது ஒளி அல்லவே! உலோகம் உருக்கும்போது கசடை இளக்கி ஓடவிடும் ஒரு கனிமத்துக்கு அந்த வினையிலிருந்து ஃபுளூர்ஸ்பார் என்று பெயர் வந்தது. ஃபுளூரின் தனிமத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே. 1852-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், புறஊதாக் கதிர் பட்ட குயினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்து எழுதினார். அதற்கு முதலில் இட்ட பெயர் அவருக்கே பிடிக்கவில்லை. ஓபல் கல்லை வைத்து ஓபலெசென்ஸ் என்று சொல்வது போல, ஃபுளூர்ஸ்பாரை வைத்து ஃபுளூரசென்ஸ் என்றார். ஆக, அந்தச் சொல்லுக்குள் ஒளியே இல்லை, ஒரு கல்தான் இருக்கிறது. வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் உலைக்களத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

ஃபாஸ்ஃபரெசென்ஸும் இப்படித்தான். அந்தச் சொல் பாஸ்பரஸ் தனிமத்தை வைத்து வந்தது; ஒளி ஏந்தி என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் பாஸ்பரஸுக்கு. ஆனால் வெண்பாஸ்பரஸ் இருட்டில் மினுங்குவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால். இன்று ஃபாஸ்ஃபரெசென்ஸ் என்று நாம் சொல்லும் நிகழ்வு அது இல்லை. ஃபாஸ்ஃபரெசென்ஸுக்கு 'நின்றொளிர்தல்' என்று ஏற்கெனவே ஒரு நல்ல சொல் புழங்குகிறது. தூண்டிய ஒளி போன பிறகும் நின்று ஒளிர்வது. மூலத்தைவிடத் தெளிவு.

அதற்கு இணையாகத்தான் சிலர் எழுதிவரும் 'உடனொளிர்வு' என்ற சொல்லை ஆதரிக்கிறேன். 'உடன்' என்பதற்கு நம்மிடம் இரண்டு பொருள்: கூடவே, உடனடியாக. இந்த நிகழ்வுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. தூண்டும் ஒளியின் கூடவே ஒளிர்கிறது. அது நின்றால் பெரும்பாலும் சில நானோநொடிகளில் அடங்கிவிடுகிறது. ஒரே முன்னொட்டில் இவ்வளவும் அடங்குவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

நிறம் மாறுவதைக் காட்டும் 'மாற்றொளிர்வு' அழகான சொல். வெளிவரும் ஒளி பொதுவாக நீண்ட அலைநீளத்துக்கு நகர்வது உண்மை. ஆனால் நின்றொளிர்தலிலும் அந்த நகர்வு உண்டு, அதனால் இரண்டையும் பிரித்துக் காட்ட அது உதவாது. கூட்டுச்சொல்லாக்கத்திலும் உடனொளிர்வு இடறவில்லை: உடனொளிர் சாயம், உடனொளிர் நுண்ணோக்கி, 2008-ல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த பச்சை உடனொளிர் புரதம்.

சரி, ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டிலேய்டு ஃபுளூரசென்ஸ், அதாவது தாமதமாக வரும் ஃபுளூரசென்ஸ் என்று ஒன்று உண்டு. ஒளியால் கிளர்வுற்ற மூலக்கூறு, எளிதில் ஒளிவிடாத மும்மை நிலை (டிரிப்லெட்) என்னும் ஆற்றல் நிலைக்குப் போய், அங்கே தங்கி, மறுபடி விரைவாக ஒளிவிடக்கூடிய ஒற்றை நிலைக்குத் (சிங்லெட்) திரும்பி ஒளிரும். அதைத் 'தாமத உடனொளிர்வு' என்றால் சொல்லே தன்னை மறுக்கிறது. 'மீண்டொளிர்வு' என்று தனிப்பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். திரும்பி வந்து ஒளிர்வது என்பது அதில் கிடைக்கிறது, ஃபுளூரசென்ஸோடு உள்ள உறவு விட்டுப்போகிறது. நிறமாலையியலில் வேலை செய்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்