நியூசிலாந்துக் குடும்பப் பயணம்: காப்புறுதி எடுக்கத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் சிங்கப்பூரிலிருந்து 12 நாள்களுக்கு நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். நானும் கணவரும், தொடக்கநிலை நான்கிலும் உயர்நிலை ஒன்றிலும் படிக்கும் பிள்ளைகள் இருவரும், 71 வயதாகும் என் மாமியாரும் போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, வாடகைக் காரில் டெக்கப்போ ஏரி, குவீன்ஸ்டவுன், டே அனாவ் வழியாக மில்ஃபோர்ட் சவுண்ட் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். விமானச் சீட்டுகளை வாங்கிவிட்டோம். தங்குமிடங்களுக்கும் பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. பயணக் காப்புறுதி மட்டும்தான் பாக்கி. அதில் வீட்டில் ஒருமித்த கருத்து வரவில்லை.

கணவர் வேண்டாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நியூசிலாந்தில் விபத்தில் அடிபட்டால், வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வந்தவருக்கும் அரசாங்கத் திட்டமே சிகிச்சைச் செலவை ஏற்கிறது என்று அவர் படித்திருக்கிறார். கடன் அட்டையில் சீட்டு வாங்கியதால் அதிலேயே இலவசக் காப்புறுதி இருக்கிறதாம். கடந்த பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கட்டியிருக்கிறோம், ஒருமுறைகூட இழப்பீடு கோர நேர்ந்ததில்லை.

என் கவலை மாமியாரைப் பற்றியது. அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எங்கள் நால்வருக்கும் குடும்பத் திட்டம் 190 வெள்ளி என்றார்கள். மாமியாருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் தனியாக 260 வெள்ளி. அந்தத் தொகையைக் கேட்டதும், “என் ஒருத்திக்காக இவ்வளவா? நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்” என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

செங்காங் தாதி எழுதியது:

வணக்கம், சகோதரி. உங்கள் கணவர் படித்தது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவர் குறிப்பிடுவது நியூசிலாந்தின் விபத்து இழப்பீட்டுக் கழகத்தின் திட்டம். 1974 முதல் நடப்பிலிருக்கும் அத்திட்டம், யார் மீது தவறு என்று பாராமல், சுற்றுலாப் பயணிகள் உட்பட நாட்டில் உள்ள அனைவருக்கும் விபத்துக் காயங்களுக்கான சிகிச்சைச் செலவைப் பெருமளவு ஏற்கிறது. பிள்ளை சறுக்கி விழுந்து கை முறிந்தால் அது உதவும். மாமியாருக்கு நெஞ்சு வலித்தால் உதவாது. மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவது எல்லாம் நோய்க் கணக்கில்தான் சேரும். அவற்றுக்கு வெளிநாட்டவர் அரசாங்க மருத்துவமனையிலும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆம்புலன்சுக்கும் கட்டணம் உண்டு. காயமே ஆனாலும், உங்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவை அந்தக் கழகம் ஏற்பதில்லை.

நீங்கள் போகும் பாதையையும் பாருங்கள். டே அனாவில் மருத்துவமனை கிடையாது, மருத்துவர் பார்க்கும் சிறிய மருந்தகம்தான். அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வழியில் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிச் சேவை கிடைக்காது. குவீன்ஸ்டவுனுக்கு அருகே ஃப்ராங்க்டனில் உள்ள மருத்துவமனை சிறியது. இதய நோயாளியின் நிலைமை மோசமானால் அங்கு வைத்திருக்க மாட்டார்கள். ஹெலிகாப்டரில் டனீடினுக்கு அனுப்புவார்கள். நம் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அதற்கு மேல் தனியார் நிறுவனங்களிடம் எடுக்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்கள் சிலவற்றில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு இடம் உண்டு. மாமியாருக்கு அப்படி ஒன்று இருந்தால் அதன் விதிகளை எடுத்துப் படியுங்கள். ஆனால் நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பையும் அது ஏற்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். படுத்த நிலையில் ஒருவரை விமானத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் பல இருக்கைகளை மடக்கிப் படுக்கை அமைக்க வேண்டும். கூடவே ஒரு மருத்துவரோ தாதியோ வர வேண்டும். நான் பணிபுரியும் பிரிவுக்கு அப்படி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணத்தைத் திரட்ட அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

பொங்கோல் அப்பா எழுதியது:

சற்று மாறுபட்ட கருத்து. தாதி அம்மையார் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் காப்புறுதி வாங்கும்போது பலர் பார்ப்பது பெட்டி தொலைந்தால் எவ்வளவு, விமானம் தாமதமானால் எவ்வளவு என்பதைத்தான். அவற்றுக்காகக் கூடுதல் சந்தா கட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பெட்டி தொலைந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமான நிறுவனமே பொறுப்பு. 2024 டிசம்பர் 28 முதல் அதன் வரம்பு பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது நம் பணத்தில் 2,500 வெள்ளிக்கும் மேல். சிங்கப்பூர், நியூசிலாந்து இரண்டும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள். பெட்டி சேதமடைந்திருந்தால் 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். ஆறு மணி நேரத் தாமதத்துக்கு 100 வெள்ளி கிடைப்பது நல்லதுதான், ஆனால் அது கிடைக்காமல் போனால் யாரும் கடனாளியாவதில்லை. நாம் தாங்க முடியாத செலவு மருத்துவமும் நோயாளியைக் கொண்டுவருவதும் மட்டுமே. ஆகவே அந்த இரண்டு வரிகளில் பெரிய தொகை உள்ள, மற்றவற்றில் சிக்கனமான திட்டமாகப் பாருங்கள். பத்தாண்டு கட்டியும் கோரவில்லை என்ற கணக்கு, ஜொகூர் பாருவுக்கும் பாத்தாமுக்கும் போய் வரும் குடும்பத்துக்குப் பொருந்தும். ஸ்டென்ட் வைத்த 71 வயது அம்மாவுடன் 12 நாள் மலைப்பாதையில் கார் ஓட்டுவது வேறு விஷயம்.

ஜூரோங் மகள் எழுதியது:

என் தந்தையாருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன், பயன்பட்டால் நல்லது. 2018இல் பெர்த்துக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு அப்போது 68 வயது. நான்காம் நாள் இரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை முதுகுக்கு அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கப் பார்த்தார். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா வந்து கதவைத் தட்டியபோது அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். கட்டணம் 14,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. என் கடன் அட்டையின் வரம்பு போதாமல், மீதியைத் தம்பி இங்கிருந்து அனுப்பினான்.

எங்களிடம் பயணக் காப்புறுதி இருந்தது. ஆயினும், ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு அப்பா வழக்கமான பரிசோதனையில், படியேறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த ஒரே ஒரு வரியைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அப்பா எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. பிள்ளைகள் பயணத்தை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார். நாங்களும் கேட்கவில்லை, விலை குறைவான சாதாரணத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் சொல்கிறேன், மாமியாருக்குச் சாதாரணத் திட்டம் எடுப்பதும் எடுக்காமலிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 260 வெள்ளித் திட்டம்தான் அவருக்கு உண்மையான காப்புறுதி. ஹெல்த்ஹப் செயலியில் அவருடைய மருந்துப் பட்டியலையும் வரவிருக்கும் சந்திப்புகளையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அன்று நான் செய்யாதது அதுதான்.

முன்னாள் முகவர் எழுதியது:

பதினோரு ஆண்டுகள் காப்புறுதி முகவராக இருந்தேன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, ஆகவே எனக்கு இதில் ஆதாயம் ஏதும் இல்லை. விடுபட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

குடும்பத் திட்டம் என்றால் பொதுவாகப் பெற்றோர் இருவரும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். தாத்தா பாட்டி அதில் அடங்க மாட்டார்கள். எனவே மாமியாருக்குத் தனித் திட்டம் கேட்டது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல. பல திட்டங்களில் 70 வயதானவர்களுக்கு மருத்துவச் செலவின் உச்சவரம்பு குறைந்துவிடும். அட்டவணையில் அந்த வயதுக்குரிய தொகை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடன் அட்டையோடு வரும் இலவசக் காப்புறுதி பெரும்பாலும் விமான விபத்தில் மரணம், உறுப்பு இழப்பு ஆகியவற்றுக்கானது. மருத்துவச் செலவு இருந்தாலும் மிகச் சிறியதாக இருக்கும். முழுக் கட்டணத்தையும் அந்த அட்டையிலேயே செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். சாங்கி விமான நிலையத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் வாங்குகிறவர்கள் பயணத்துக்கு முந்தைய பாதுகாப்பை முழுவதும் இழக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் யாருக்காவது கடுமையாக உடல்நலம் கெட்டுப் பயணம் ரத்தானால், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை திட்டத்தை வாங்கிய பிறகுதான் தொடங்கும். சில திட்டங்களில் புறப்படுவதற்கு 30 அல்லது 60 நாள் முன்பிருந்துதான் தொடங்கும் என்பதால் அந்த வரியையும் படியுங்கள். இன்னொன்று, ஊரறிந்த நிகழ்வுக்குப் பிறகு வாங்கும் திட்டம் அந்த நிகழ்வுக்குப் பணம் தராது. 2024 நவம்பரில் ஃப்ளோரஸ் தீவின் லெவோடோபி லகி-லகி எரிமலை வெடித்துப் பாலி விமானங்கள் ரத்தானபோது, செய்தியைப் பார்த்துவிட்டு வாங்கியவர்களுக்கு அதனால் பயன் இருந்திருக்காது. நீங்கள் போகும் பகுதியிலும் 2019 டிசம்பரில் ரங்கிடாட்டா ஆறு பெருக்கெடுத்து முதலாம் நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. 2020 பிப்ரவரி வெள்ளத்தில் மில்ஃபோர்ட் சாலை உடைந்து பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மழை பெய்த பிறகு அவசரமாக வாங்க முடியாது.

வாடகைக் காருக்கு, விபத்தானால் நீங்கள் ஏற்க வேண்டிய சுயபொறுப்புத் தொகையைப் பயணக் காப்புறுதியே ஏற்கும் திட்டங்கள் உண்டு. இருந்தால் வாடகை நிறுவனத்திடம் நாள்தோறும் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டாம். ஆனால் குவீன்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற பாதைகளுக்கு வாடகை நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. அங்கு போக வேண்டாம்.

பிறகு உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு அது நியாயமில்லை என்று தோன்றினால், முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, தீராவிட்டால் நிதித்துறைச் சச்சரவுகளைத் தீர்த்துவைக்கும் ஃபிட்ரெக் நிலையத்துக்குப் போகலாம். பலர் இது தெரியாமல் முதல் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கணவரும் மாமியாரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். ஜூரோங் மகள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, போன மாதம் தமக்கு ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். காப்புறுதி எடுப்பது என்று கணவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் நால்வருக்கும் ஒரு நிறுவனத்திலும் அத்தைக்கு வேறொரு நிறுவனத்திலும் எடுக்கலாமா? அப்படிச் செய்தால் நாற்பது வெள்ளி மிச்சமாகும்.

முன்னாள் முகவர் எழுதியது:

எடுக்கலாம், தடையில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். அத்தைக்கு ஏற்கெனவே உள்ள இதய நோயால் நீங்கள் ஐவரும் பயணத்தை ரத்து செய்யவோ பாதியில் திரும்பவோ நேர்ந்தால், உங்கள் நால்வரின் செலவை யார் தருவார்கள்? சாதாரணக் குடும்பத் திட்டங்கள் பலவற்றில், உடன் வரும் உறவினரின் பழைய நோய் காரணமாக ஏற்படும் இழப்பும் விலக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அத்தையின் மருத்துவச் செலவு கிடைத்தாலும் உங்கள் நான்கு விமானச் சீட்டுகளுக்கு ஒன்றும் கிடைக்காது. அவர்கள் தரும் பதிலைப் பொறுத்து அந்த நாற்பது வெள்ளியை முடிவு செய்யுங்கள். மாத்திரை மாற்றியதையும் மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள்.

செங்காங் தாதி எழுதியது:

மகிழ்ச்சி, சகோதரி. அத்தையின் மருந்துகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக, கடையில் கொடுத்த உறையோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம். நோய்களையும் மருந்துகளையும் குறிப்பிடும் மருத்துவரின் கடிதம் ஒன்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். டிசம்பர் நெருங்கினால் சந்திப்பு கிடைப்பது கடினம். காப்புறுதி எண்ணையும் 24 மணி நேர உதவித் தொலைபேசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி அத்தையின் பணப்பையில் வையுங்கள். மில்ஃபோர்ட் சாலையில் உங்கள் கைத்தொலைபேசி வேலை செய்யாது. வேறு யாராவது அவரை அழைத்துப் போக நேர்ந்தாலும் அந்தக் காகிதம் அவரோடு இருக்கும்.